பழுப்புப் பற்களும் ஒரு பல்வைத்தியரின் முப்பது ஆண்டுகளும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிது. அனுராதபுர மாவட்டத்தின் தமிழ் பேசும் கிராமமொன்றைப் பற்றி விவரணக் கட்டுரையொன்று எழுதியிருந்தேன். குளம் வற்றிப்போயிருந்த காலத்தில் அவ்வூர் மக்கள் குடிதண்ணீருக்குப் பட்ட பாடுதான் அதன் பொருள். என்னைக் கிணறு கிணறாக அழைத்துச் சென்று காட்டிய இளைஞர் ஒருவரை வர்ணிக்கும் இடத்தில், வெற்றிலைக் காவியேறிய பற்கள் தெரிய அவர் சிரித்தார் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கிராமத்துச் சித்திரத்துக்கு அது உயிரூட்டும் என்று எண்ணினேன் போலும்.

கட்டுரை வெளிவந்து இரண்டு வாரங்களின் பின்னர் அவ்வூர்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஆசிரியபீடத்துக்குக் கடிதமொன்று வந்தது. மரியாதையான கடிதம். அந்த இளைஞர் வாழ்நாளில் வெற்றிலை போட்டவரல்லர். அவருடைய தம்பி தங்கையருக்கும் அதே பற்கள்தாம். தமது வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வெளியூரிலிருந்து மணமுடித்து வந்தவர்களின் பற்கள் வெள்ளையாகவே இருக்கின்றன, ஆனால் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளின் பற்கள் பழுப்பாகவே முளைக்கின்றன என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வாக்கியம்: தண்ணீரைப் பற்றி எழுத வந்தவர், தண்ணீர் செய்த வேலையைக் கண்ணால் கண்டும், அதை வெற்றிலை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கடிதம் பிரசுரமாகவில்லை. திருத்தம் வெளியிடவேண்டிய அளவுக்குப் பெரிய பிழையாக அது அப்போது எவருக்கும் படவில்லை. எனக்கும்தான். மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழ்ந்த பிரெடரிக் மக்கே என்ற பல்வைத்தியரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான் அந்த ஆசிரியர் எழுதியனுப்பியது எத்தகைய கடிதம் என்பது எனக்கு உறைத்தது. ஏறக்குறைய அதே அவதானத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், முன்னர் வேறு சிலரும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதை மக்கே காதுகொடுத்துக் கேட்டார். வேறுபாடு அவ்வளவுதான்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பல்வைத்தியம் கற்று வெளியேறிய மக்கே, 1901ஆம் ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையடிவார நகரில் சிகிச்சை நிலையம் திறந்தார். வந்த சில நாட்களிலேயே ஒரு விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புத் திட்டுகள். சிலருக்குச் சொக்லேட் நிறத்தில் பல் முழுவதுமே. கல்லூரிப் பாடநூல்களில் இப்படியொரு நோய் இல்லை. ஊரவர்களுக்கோ அது பழகிப்போன ஒன்று. 'கொலராடோ பழுப்புக் கறை' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். பன்றியிறைச்சி மிகுதியாக உண்பதால் வருகிறது என்றார்கள் சிலர். பால் நல்லதல்ல என்றார்கள் சிலர். சுண்ணச்சத்து மிகுந்த தண்ணீர்தான் காரணம் என்றவர்களும் இருந்தார்கள்.

மற்றப் பல்வைத்தியர்கள் இதில் அக்கறை காட்டவில்லை. மக்கே விடவில்லை. அக்கால அமெரிக்கப் பல்வைத்தியத்தின் பெரும்புள்ளியாகிய ஜி.வி. பிளாக் என்பவருக்கு எழுதினார். இப்படியொரு குறைபாடு இருந்திருந்தால் வைத்திய நூல்களில் இதுகாறும் பதிவாகாமல் இருந்திருக்குமா என்பது பிளாக்கின் ஐயம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் இக்கறை காணப்படுகிறது என்று ஆய்வொன்று காட்டிய பின்னரே அவர் அசைந்தார். 1909இல் நேரில் வந்து பார்த்தவர், 1915இல் இறக்கும் வரை மக்கேயுடன் சேர்ந்து இதையே ஆராய்ந்தார்.

இருவரும் கண்டறிந்தவை இரண்டு. முதலாவது, குழந்தையின் தாடைக்குள் நிரந்தரப் பல் உருவாகும் பருவத்திலேயே இக்குறை ஏற்பட்டுவிடுகிறது. பல் நல்லபடியாக உருவாகி முடிந்த பின்னர் அவ்வூருக்குக் குடிவந்தவர்களுக்கு இது வருவதில்லை. வெளியூரிலிருந்து மணமுடித்து வந்தவர்களின் பற்கள் வெள்ளை, அவர்கள் பிள்ளைகளின் பற்கள் பழுப்பு என்று நம் பாடசாலை ஆசிரியர் எழுதியதும் இதுவேதான். இரண்டாவது அவர்களையே திகைக்கவைத்தது. பார்வைக்கு அருவருப்பான இந்தப் பற்கள் எளிதில் சொத்தை விழாதவையாக இருந்தன. குறைபாடுள்ள பல் பூச்சிக்கு முதலில் பலியாகவேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறாக இருந்தது.

இந்த இடத்தில் ஓர் இடைக்குறிப்பு. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு என்ன தரும் என்று சொல்லிவைத்த நம் முன்னோர் 'உறுதி' என்றுதான் சொன்னார்கள். 'வெண்மை' என்று சொல்லவில்லை. பல்லை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டது புலவர்களின் வேலை. பல் விளக்குபவனுக்கு வேண்டியிருந்தது மென்று தின்னக்கூடிய பல். நிறமும் உறுதியும் ஒன்றல்ல என்ற இந்தச் சிறு உண்மை, வெண்மையே ஆரோக்கியம் என்று விளம்பரங்கள் கற்பித்துவிட்ட நம் காலத்தில் பலருக்கு மறந்துபோயிற்று. சப்பானில் மணமான பெண்களும் மேற்குடியினரும் பற்களைக் கறுப்பாக்கி அதையே அழகு என்று கொண்டாடினார்கள். மேற்குடியினர் இவ்வாறு செய்வதை 1870இல் மெய்ஜி அரசு தடைசெய்ய வேண்டியிருந்தது.

கொலராடோவுக்குத் திரும்புவோம். பிளாக் மறைந்த பின்னரும் மக்கே தேடிக்கொண்டேயிருந்தார். தண்ணீரில்தான் காரணம் இருக்கவேண்டும் என்று அவருக்கு வலுவான ஐயம். ஆனால், எடுத்தனுப்பிய தண்ணீரெல்லாம் பரிசோதனையில் குற்றமற்றதாகவே திரும்பி வந்தது. 1923இல் இடாஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. மலை கடந்து போனார். அங்கிருந்த பெற்றோர்கள் அவரிடம் சொன்னது இதுதான்: ஊருக்குப் பொதுவாக ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீரூற்று ஒன்றிலிருந்து குழாய்வழித் தண்ணீர் கொண்டுவந்தோம், அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் பற்களில் கறை காணத் தொடங்கியது.

அந்தத் தண்ணீரையும் மக்கே பரிசோதித்தார். எதுவும் அகப்படவில்லை. இங்கேதான் அவர் பெரிய மனிதராகிறார் என்பது என் எண்ணம். ஆய்வுகூடம் குற்றமில்லை என்கிறது. தாய்மார்கள் குற்றம் என்கிறார்கள். அவர் தாய்மார்களை நம்பினார். அந்தக் குழாயை மூடிவிட்டு அருகிலுள்ள வேறொரு ஊற்றிலிருந்து தண்ணீர் எடுங்கள் என்று ஊர்த் தலைவர்களுக்கு ஆலோசனை கூறினார். அவர்களும் கேட்டார்கள். சில ஆண்டுகளில் அவ்வூரின் சிறு பிள்ளைகளுக்குக் கறையில்லாத நிரந்தரப் பற்கள் முளைத்தன. காரணம் இன்னதென்று தெரியாமலேயே ஒரு நோய் நிறுத்தப்பட்டது.

காரணத்தின் பெயர் வெளிப்பட்டது ஆர்கன்சா மாநிலத்தின் பொக்சைட் என்ற ஊரில். பெயருக்கேற்ப அது அலுமினியத் தாது தோண்டும் ஊர்; அல்கோவா நிறுவனத்துக்குச் சொந்தமானது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் பழுப்புப் பற்கள். ஐந்தே மைல் தள்ளியிருந்த அயலூரில் அந்தக் குறை இல்லை. பொதுச் சுகாதாரச் சேவையைச் சேர்ந்த வைத்தியர் குரோவர் கெம்ப் என்பவருடன் மக்கே அங்கு சென்று பார்த்து அறிக்கை எழுதினார்.

அந்த அறிக்கை பென்சில்வேனியாவிலிருந்த அல்கோவாவின் தலைமை இரசாயனவியலாளர் எச்.வி. சேர்ச்சிலின் மேசைக்குப் போயிற்று. பெயர்தான் பிரித்தானியப் பிரதமரின் பெயர், ஆள் ஆய்வுகூடத்துக்காரர். அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் உடலுக்கு நஞ்சு என்ற பேச்சை மறுப்பதிலேயே அந்நிறுவனம் சில ஆண்டுகளைச் செலவிட்டிருந்த வேளை அது. இப்போது தனது சொந்த ஊரிலேயே பிள்ளைகளின் பற்கள் பழுதாகின்றன என்ற செய்தி வந்தால் என்ன ஆகும்? அலுமினியத்தின் மீது பழி விழக்கூடாது என்ற கவலையில்தான் அவர் அந்தத் தண்ணீரை மிக நுட்பமான நிறமாலைக் கருவியால் மறுபடி பரிசோதிக்கச் செய்தார். அலுமினியம் குற்றவாளி அல்ல என்று தெரிந்தது. ஆனால் எவரும் எதிர்பாராத இன்னொன்று தண்ணீரில் இருந்தது. புளோரைட்டு. தண்ணீரில் இவ்வளவு புளோரைட்டு இருப்பதாவது, மாதிரியை அசுத்தப்படுத்திவிட்டீர்கள் என்று சேர்ச்சில் முதலில் நம்ப மறுத்து மற்றொரு மாதிரி எடுக்கச் சொன்னாராம். இரண்டாவது மாதிரியும் அதையே சொல்லிற்று. பத்து இலட்சம் பங்கில் 13.7 பங்கு. 1931 ஜனவரியில் மக்கேயுக்கு அவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதினார்.

முப்பது ஆண்டுத் தேடல் ஒரு நிறுவனம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த முயற்சியால் முடிவுக்கு வந்தது. நல்ல நோக்கத்தால் மட்டுமே நல்லது நடப்பதில்லை என்பதை எங்கள் தொழிலிலும் பலமுறை கண்டிருக்கிறேன். அதே 1931இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கமாக் சிமித்தும் அவருடைய சகாக்களும் எலிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையில் இதே முடிவுக்கு வந்திருந்தனர். அதற்கெல்லாம் முன்னதாக, 1901இலேயே, இத்தாலியின் நாப்பொலி துறைமுகத்தில் பணியாற்றிய ஜே.எம். ஈகர் என்ற அமெரிக்க வைத்திய அதிகாரி, குடிபெயரக் கப்பலேற வந்தவர்களின் கறுத்த பற்களைக் கண்டு பதிவுசெய்திருக்கிறார். எரிமலைப் பகுதிக்காரர்களுக்கு வருவது அது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கொலராடோவிலிருந்த மக்கேயும் நாப்பொலியிலிருந்த ஈகரும் ஒரே ஆண்டில் ஒரே கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி, பல்லுக்குள் நடப்பது என்ன என்று சற்றுப் பார்க்கலாம். பல்லின் மேலோடாகிய எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அது ஏறத்தாழ ஒளிபுகும் தன்மையுடையது. பல்லின் நிறம் பெரும்பாலும் அதன் கீழேயுள்ள டென்டீன் என்ற மஞ்சள் சாயலுள்ள பகுதியிலிருந்து வருகிறது. ஆகவே, சுண்ணாம்புச் சுவர் போன்ற வெண்மை மனிதப் பல்லின் இயற்கை நிறமன்று. வயது ஏற ஏற மேலோடு தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரிகிறது. அது நோயுமன்று, ஊத்தையுமன்று.

தேநீர், வெற்றிலை பாக்கு, சுருட்டு, சிகரெட் ஆகியவற்றால் வருவது மேற்பூச்சாகப் படிகின்ற கறை. பல்வைத்தியர் அதைச் சுரண்டித் துப்புரவு செய்துவிடலாம். நான் அந்த இளைஞரின் பற்களில் கண்டதாக நினைத்தது இதைத்தான். உண்மையில் அங்கிருந்தது வேறு. முன்பற்களின் முடிப்பகுதி பிறந்தது முதல் நான்கைந்து வயதுவரை தாடைக்குள்ளே உருவாகிறது. அக்காலத்தில் குழந்தை அருந்தும் தண்ணீரில் புளோரைட்டு மிகுந்திருந்தால் எனாமல் செறிவாக இறுகாமல் நுண்துளைகளோடு அமைந்துவிடுகிறது. பல் முளைக்கும்போது சுண்ணாம்புத் திட்டுப் போல வெளிறித்தான் இருக்கும். பின்னர் அந்தத் துளைகளில் நிறம் ஊறிப் பழுப்பாகிறது. ஆறு ஏழு வயதில் கண்ணாடியைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்பது தெரியாது. பல் மினுக்காத பிள்ளை என்று ஏச்சு வாங்கிக்கொண்டு, கரித்தூளும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துக்கொண்டேயிருக்கும்.

உள்ளிருந்து வரும் கறைக்குப் புளோரைட்டு மட்டும் காரணமல்ல. 1948இல் சந்தைக்கு வந்த டெட்ராசைக்கிளின் வகை மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அம்மருந்து உருவான லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பல் உருவாகும் வயதில் அதை உட்கொண்ட குழந்தைகளின் பற்கள் மஞ்சளாகவும் சாம்பலாகவும் முளைத்ததை 1956இல் வைத்தியர்கள் முதன்முதலாக வெளியிட்டார்கள். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அம்மருந்தைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

கறையின் கதை இப்படியிருக்க, வெளுப்பாக்கும் கதை அதன் பக்கத்திலேயே வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பல்வைத்தியர்கள் ஒக்சாலிக் அமிலத்தையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் பல்லில் பூசிப் பார்த்திருக்கிறார்கள். மக்கே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த அதே கொலராடோ ஸ்பிரிங்ஸில் வோல்டர் கேன் என்ற இன்னொரு பல்வைத்தியர், ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சூட்டுடன் பயன்படுத்திப் பழுப்புக் கறையை நீக்க முயன்றார், ஓரளவு வெற்றியும் கண்டார். மேலோட்டின் மிக மெல்லிய படலத்தை அமிலத்தால் கரைத்தெடுப்பதே அம்முறை. எண்பதுகளில் அது கட்டுப்பாடான அளவுகளுடன் செம்மைப்படுத்தப்பட்டு இன்றும் கையாளப்படுகிறது.

வீட்டிலிருந்தே வெளுப்பாக்கும் முறையோ ஒரு தற்செயல். 1968ஆம் ஆண்டளவில், அதே ஆர்கன்சா மாநிலத்தின் போர்ட் ஸ்மித் நகரில், பல் வரிசையைச் சீர்செய்யும் வைத்தியரான பில் கிளஸ்மயர், ஈறு அழற்சி தணிவதற்காகப் பத்து வீத கார்பமைட் பேரொட்சைட்டை வாயில் மாட்டும் அச்சுத் தட்டில் இட்டு இரவில் அணியுமாறு நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஈறு குணமாயிற்று. கூடவே பற்களும் வெளுத்தன. அவர் அதைத் தொழில்முறைக் கூட்டங்களில் சொன்னார், பெரிதாக எடுபடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1989இல், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேவுட், ஹேமன் ஆகிய இருவரும் அம்முறையை ஆய்வுச் சஞ்சிகையில் எழுதிய பின்னரே அது உலகெங்கும் பரவி, பெரும் வாணிபமாயிற்று. பொக்சைட் ஊரில் கறையின் காரணம் அகப்பட்டது. அதே மாநிலத்தின் இன்னோரூரில் வெளுப்பாக்கும் வழி அகப்பட்டது. இரண்டும் வேறெதையோ தேடியவர்களின் கையில்!

இந்த மருந்து வாயில் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் யூரியாவாகவும் பிரிகிறது. பத்து வீதக் களிம்பிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை வீதப் பேரொட்சைட்டு. அது மேலோட்டை ஊடுருவி உள்ளே சென்று நிறம் தரும் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. சிறுநீரால் பல் துலக்குகிறான் என்று ஒரு ஸ்பானியனை உரோமக் கவிஞன் கட்டுலஸ் எள்ளி நகையாடினான். இந்தக் களிம்பு பிரிந்து தருவதிலும் பாதி யூரியாதான் என்பதை அறிந்திருந்தால் இன்னொரு பாட்டு எழுதியிருப்பான்.

பல்வைத்தியரிடம் செய்வதற்கும் வீட்டில் செய்வதற்கும் வேறுபாடு பெரும்பாலும் செறிவிலும் காலத்திலும்தான். வைத்தியர் ஈற்றை மூடிப் பாதுகாத்துவிட்டுச் செறிவு கூடிய மருந்தைச் சற்று நேரம் வைக்கிறார். வீட்டில் செறிவு குறைந்ததை இரண்டு மூன்று வாரங்களுக்கு இரவுதோறும் அணியவேண்டும். இரண்டிலும் பற்கூச்சம் வரலாம். பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். பல்லில் அடைத்த பூச்சும் செயற்கை முடியும் வெளுப்பதில்லை. ஆதலால் இயற்கைப் பல் வெளுத்த பிறகு அவை மட்டும் தனித்துத் தெரியும். சொத்தையோ வெடிப்போ உள்ள பல்லில் மருந்து இட்டால் வலி பிடித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் முன்கூட்டிப் பார்த்துச் சொல்வதற்குத்தான் வைத்தியர் தேவைப்படுகிறார். டெட்ராசைக்கிளின் கறைக்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் வேண்டும். புளோரைட்டுப் பற்களில் பழுப்பு ஓரளவு மங்கும். ஆனால் வெண்திட்டுகள் மறையாமல் சில வேளைகளில் முன்னிலும் எடுப்பாகத் தெரியும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பல்லுக்கு இந்த முறை போதாது. மேலே பூச்சோ மெல்லிய ஓடோ ஒட்டவேண்டியிருக்கும்.

இலண்டனிலும் பாரிஸிலும் வாழும் நம்மவர்கள் திருமணத்துக்கு முந்திய வாரத்தில் அழகு நிலையமொன்றில் நுழைந்து பல்லை வெளுப்பாக்கிக்கொள்ள எண்ணினால் ஒன்றை அறிந்திருத்தல் நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி, 0.1 வீதத்துக்கு மேல் 6 வீதம் வரையான ஐதரசன் பேரொட்சைட்டுள்ள பொருளைப் பல்வைத்தியருக்கு மட்டுமே விற்கலாம். முதற்தடவை அவருடைய மேற்பார்வையில்தான் பயன்படுத்தவேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கலாகாது. பிரித்தானியாவில் பதிவுபெற்ற பற்சிகிச்சைத் தொழிலர் அல்லாதவர் இதைச் செய்வது குற்றம். எலுமிச்சைச் சாறு வெளுப்பாக்குவதில்லை, மேலோட்டைக் கரைக்கிறது. பிற்காலத்தில் நாகரிகமாகத் திரும்பி வந்த கரிப் பற்பசையைப் பற்றி அமெரிக்கப் பற்சங்கத்தின் சஞ்சிகை 2017இல் வெளியிட்ட மீளாய்வு, அது பாதுகாப்பானது என்பதற்கோ பயனுள்ளது என்பதற்கோ போதிய சான்று இல்லை என்றது. நம் பாட்டிமாரின் உமிக்கரிக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். விலை மட்டும் பல மடங்கு.

மக்கேயின் கண்டுபிடிப்புக்குப் பின்னர் அமெரிக்காவில் கதை வேறு திசையில் திரும்பியது. ட்ரென்ட்லி டீன் என்ற அரசாங்கப் பல்வைத்தியர், எந்த அளவு வரை புளோரைட்டு பல்லைக் கறைப்படுத்தாமல் சொத்தையை மட்டும் தடுக்கும் என்று கணக்கிட்டு, அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற முடிவுக்கு வந்தார். 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரெப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் புளோரைட்டைச் சேர்க்கத் தொடங்கிற்று. அந்த விவாதம் தனிக் கதை, இங்கே வேண்டாம். புளோரைட்டு குறைவாக இருந்த நாட்டவர்கள் அதைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அது மிகுதியாக இருந்த நாட்டவர்களின் பழுப்புப் பல் உலகின் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நம் பக்கத்தில் அது மறையவில்லை. 1937இல் சோர்ட்டும் அவருடைய சகாக்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் பற்களையும் எலும்புகளையும் தாக்கும் புளோரைட்டு நோயை விவரித்தார்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் இதற்குப் பேர்போனது. 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடர்பாகத் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் மூண்ட சச்சரவு வாசகர்களுக்கு நினைவிருக்கும். நடிகர்கள் உண்ணாவிரதமிருந்தார்கள், அரசியல்வாதிகள் முழங்கினார்கள், நாங்களும் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைட்டுப் பாதிப்பைத் தணித்தல் என்ற நோக்கம் இருந்தது. அந்தப் பாதிப்பு எது, எந்தப் பிள்ளையின் வாயில் இருக்கிறது என்று எத்தனை பேர் எழுதினோம்? யப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறிய அத்திட்டம் 2013இல் செயற்படத் தொடங்கியது.

இலங்கையில் இது உலர் வலயத்தின் பிரச்சினை. பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைட்டு தண்ணீரில் கரைகிறது. ஈர வலயத்தில் பெருமழை அதை அடித்துச் சென்றுவிடும். உலர் வலயத்தில் மழை குறைவு, ஆவியாதல் கூடுதல். தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் தங்கிச் செறிவடைகிறது. வடமத்திய மாகாணம்தான் இதன் நடுமையம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் தலைவலி வேறு: நைத்திரேற்றும் உவர்நீரும். கிருமியற்ற தண்ணீர் என்று நம்பி உலர் வலயத்தில் தோண்டப்பட்ட குழாய்க்கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு மிகுந்திருந்தது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. வயிற்றோட்டத்துக்குத் தப்பிய பிள்ளைக்குப் பல் பழுப்பாயிற்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியற் பேராசிரியர் சீ.பி. திசாநாயக்க போன்றோர் எந்தப் பகுதியில் எவ்வளவு என்பதை ஆராய்ந்து எழுதினார்கள். 1992இல் வெளியான சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் நடத்திய ஆய்வு, கெக்கிராவ உள்ளிட்ட நான்கு பிரதேசங்களின் பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து, குளிர் நாடுகளை மனத்திற்கொண்டு வகுத்த அளவுகள் நமக்குப் பொருந்தா என்றது. வெப்ப நாட்டில் பிள்ளை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறது. ஆகவே லீற்றருக்கு 0.8 மில்லிகிராமே மேல் எல்லையாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவோ 1.5.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இரசாயனவியலாளர் ஜே.பி. பத்மசிறி தொண்ணூறுகளில் அறிமுகப்படுத்திய வடிகட்டியைப் பற்றியும் ஒரு சொல். புதிதாகச் சுட்ட செங்கல்லை உடைத்து நிரப்பிய ஒரு தூம்பு. தண்ணீர் அதனூடாக மெல்லச் செல்லும்போது செங்கல் துண்டுகள் புளோரைட்டில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை கல்லை மாற்றவேண்டும். பிள்ளைகள் பல்லில் தேய்த்துத் தேய்த்துப் பயன் காணாத அதே செங்கல்! இருக்கவேண்டிய இடத்தில் இருந்தபோது அது வேலை செய்தது. ஆனால் வீட்டுக்கு வீடு கல்லை மாற்றிக்கொண்டிருப்பது தொடர்ந்து நடக்கிற காரியமல்ல. பின்னாளில் அம்மாகாணத்தில் சிறுநீரக நோய் பெருகி, புளோரைட்டும் கடினநீரும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்த பிறகுதான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஊர்தோறும் வரத் தொடங்கின. பற்களால் அசையாத கைகள் சிறுநீரகத்தால் அசைந்தன.

அந்த இளைஞருக்கு இப்போது ஐம்பது வயதாகியிருக்கும். கடிதம் எழுதிய ஆசிரியர் இருக்கிறாரோ இல்லையோ அறியேன். கடிதமும் அலுவலகம் இடம்மாறியபோது பழைய காகிதங்களோடு போய்விட்டது. அவர் கேட்டது ஒரு திருத்தம். பத்திரிகை அன்று வெளியிடாததை இங்கே வெளியிடுகிறேன்:

அனுராதபுர மாவட்டக் கிராமமொன்றின் குடிதண்ணீர்ப் பிரச்சினை பற்றிய எனது விவரணக் கட்டுரையில், வழிகாட்டியாக வந்த இளைஞரின் பற்களில் இருந்தது வெற்றிலைக் காவி என்று குறிப்பிட்டிருந்தேன். அது தவறு. அவர் வெற்றிலை போடுபவரல்லர். அது அவ்வூர்க் கிணற்றுத் தண்ணீர்.